படையினன் அடித்தாலும் கணவன் அடித்தாலும்

அன்புள்ள அம்மா,

பாளையங்கோட்டைக் கூட்டத்தில் இலங்கையில் போர் நடந்த வன்னிப் பகுதிப் பெண்களைப் பற்றிப் பேசினீர்கள். ராணுவத்தின் கொடுமைகளைச் சொன்னவரை சரி. கணவன்மார் குடித்துவிட்டு அடிப்பதை மேடையில் ஏன் சொல்ல வேண்டும்? எல்லாவற்றையும் இழந்த மனிதர்கள் அவர்கள். பிழைப்பு சரியானால் இதுவும் சரியாகிவிடாதா? அரசின் குற்றத்தைக் குறைத்துக் காட்ட இது உதவிவிடாதா? கங்கைகொண்டான் இலங்கை அகதிகள் முகாமுக்கு அடிக்கடி போய்வருபவன் என்ற முறையில் கேட்கிறேன்.

ஒரு வாசகர், வீரவநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

குறைத்துக் காட்டாது. மறைத்தால்தான் அரசுக்கு லாபம்.

வன்னியின் முல்லைத்தீவில் ஒரு பெண், கணவன் உடைத்த கையோடு காவல் நிலையம் போகிறாள் என்று வையுங்கள். தமிழில் சொல்வதைக் கேட்டு எழுத அங்கே ஆளில்லை. அவளால் படிக்க முடியாத சிங்களத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். குடும்ப விஷயம், சமாதானமாகப் போங்கள் என்று சமரசம் செய்துவைக்கும் இணக்க சபைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அன்றிரவு அவள் படுக்க வேண்டியது அதே வீட்டில். இந்த நிலையத்துக்கா நாளை ஒரு சிப்பாய்மீது புகார் கொண்டுபோவாள்? அவள் திரும்பி வருவதைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்தான் போவாளா?

இத்தனைக்கும் அங்கே சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை போடலாம். அடித்தவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கலாம். அவள் சார்பில் போலீசே மனுச் செய்யலாம். ஆனால் அந்தச் சட்டம் வன்னிக்குள் போனது போர் முடிந்த 2009-க்குப் பிறகு, ராணுவத்தின் பின்னால். அதை நம்பி யார் கதவைத் தட்டுவார்கள்?

இழந்தவர்கள் என்பதால் அடிக்கிறார்கள் என்கிறீர்கள். எந்தப் போரும் பார்க்காத நம் முக்கூடல் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். முதல்நாள் இரவு முறுக்கப்பட்ட வலக்கை விரல்கள் வீங்கியிருந்தன. மடியில் தட்டை வைத்துக்கொண்டு இடக்கையால் பீடி இலையைச் சுருட்ட முயன்றுகொண்டிருந்தாள். எண்ணிக்கை குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் அதற்கும் அடி. அவள் புருஷன் எதை இழந்தான்? இங்கே அவளுக்குத் தாய்வீடு இருக்கிறது, தட்டிக்கேட்க அண்ணன் இருக்கிறான். வன்னியில் போர் அந்த அண்ணனைக் கொன்றுவிட்டது, அல்லது காணாமல் ஆக்கிவிட்டது.

பிழைப்பு சரியாகட்டும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தனியே சுமப்பவர்கள் பெண்கள். நுண்கடன் தவணைக்கு வருபவன் இருட்டிய பிறகும் திண்ணையை விட்டு எழுவதில்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்து, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று அரசைக் கேட்டவர்களும் பெண்கள்தான். அரசை எதிர்க்க அவர்கள் வேண்டும், அவர்கள் வாங்கும் அடியை மட்டும் நாம் பேசக் கூடாது என்றால் அது அநியாயம்.

முகாமுக்குப் போகிறவர் நீங்கள். அடுத்த முறை அங்குள்ள பெண்களிடம் 181 என்ற உதவி எண்ணைச் சொல்லுங்கள். நம் நாட்டின் 2005 குடும்ப வன்முறைச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். அகதிக்கு அது பொருந்தாது என்று யாராவது திருப்பி அனுப்பினால் எனக்கு எழுதுங்கள். வழக்கறிஞரை அழைத்துக்கொண்டு நானே வருகிறேன்.