பூங்கா வாசலில் நட்ட கம்பம்: யார் மீது வழக்குப் போடுவது?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, சக்கர நாற்காலி பயன்படுத்துகிறாள். எங்கள் வீட்டருகே உள்ள நகராட்சிப் பூங்காவை 2 ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தார்கள். அப்போது பைக் நுழையக்கூடாது என்று வாசலில் இரும்புக் கம்பங்கள் நட்டுவிட்டார்கள். நாற்காலி உள்ளே போகவில்லை. பக்கத்துக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது. சாவி கேட்டதற்குக் காவலாளி, "இந்தப் பொண்ணுக்கு எதுக்கும்மா பார்க்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். அன்றிலிருந்து மகள் வெளியே வரவே மறுக்கிறாள். பலமுறை மனு கொடுத்தும் பதில் இல்லை. காவலாளி மீது போலீசில் புகார் கொடுத்து, நகராட்சியிடம் 10 லட்சம் நஷ்டஈடு கேட்க விரும்புகிறேன். எங்கே போவது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உயிர் கொடுப்பது ஒரே ஒரு வரிதான்: "2 ஆண்டுகளுக்கு முன் புதுப்பித்தார்கள்." மற்ற எல்லாவற்றையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் விதிகள் 2017 ஜூன் 15-ல் வெளியாயின. அதற்கு முன்பே இருந்த கட்டுமானங்களை மாற்ற, அந்தச் சட்டத்தின் பிரிவு 45 ஐந்து ஆண்டு அவகாசம் தந்தது. மாநிலங்களுக்கு அதை நீட்டித்துத் தரவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அதனால் பழைய பூங்கா என்றால் 'அவகாசம், நிதி இல்லை' என்று ஆண்டுக்கணக்கில் வாதாட இடம் இருக்கிறது. உங்கள் வாசல் அப்படியல்ல. விதிகள் வந்து பல ஆண்டுகள் கழித்து, பொதுப்பணத்தில், புதிய பணி ஆணை போட்டுக் கட்டியது. இதற்குப் பிரிவு 44 பொருந்தும்: விதிகளுக்கு ஒத்துவராத கட்டுமானத்துக்கு அனுமதியும் கிடையாது, நிறைவுச் சான்றும் கிடையாது.

ஆகவே முதலில் கைக்கு வர வேண்டியது அந்தப் பணியின் தேதிதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பணி ஆணை, மதிப்பீடு, வரைபடம், எம்-புக் (வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் ஏடு), நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில், பணியையே நேரில் பார்வையிடும் உரிமையும் இருக்கிறது. அதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது காவலாளி. அவர் சொன்னது தவறு, உங்கள் மகளைப் புண்படுத்தியது. பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை என்று மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பிரிவு 92 சொல்வதும் உண்மை. ஆனாலும் அந்தப் புகாரைக் கொடுக்காதீர்கள். அவர் அநேகமாக ஒப்பந்த நிறுவனத்தின் தினக்கூலி ஆளாக இருப்பார். கம்பம் நட்டது அவரல்ல, கதவைப் பூட்டச் சொன்னதும் அவராக இருக்காது. எஃப்.ஐ.ஆர். பதிவான மறுநாளே அவரை வேலையை விட்டு நிறுத்துவார்கள். "சம்பந்தப்பட்ட ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று நகராட்சி ஒரு பத்தி பதில் தாக்கல் செய்யும். அதோடு உங்கள் வழக்கு வாசலைப் பற்றியது என்பது போய், இருவருக்கிடையே நடந்த வாய்த்தகராறாகச் சுருங்கிவிடும். 'இழிவுபடுத்தும் நோக்கம்' இருந்ததை நிரூபிக்கும் பாரமும் உங்கள் தலையில் விழும். பேசியதைக் கேட்ட நாலு பேரும் சாட்சிக்கு வருவார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம்.

நஷ்டஈடும் அப்படித்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் தருவது பரிந்துரை. 10 லட்சத்தை வசூலித்துத் தரும் இடம் அதுவல்ல. பிரிவு 89-இன் அபராதம் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறலுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. அதில் ஒரு ரூபாயும் உங்களுக்கு வராது. கட்டணமில்லாத பூங்காவுக்கு நுகர்வோர் ஆணையம் போவதும் வீண். பிரிவு 23-இன் குறைதீர் அலுவலரிடம் மனு கொடுக்கச் சொல்லி யாராவது அனுப்பினால் போகாதீர்கள்; அந்த ஏற்பாடு வேலைவாய்ப்பு அத்தியாயத்துக்கு உரியது, பூங்காவுக்குப் பொருந்தாது.

ஆனாலும் முதலில் போக வேண்டியது அந்த மாநில ஆணையரிடம்தான். அவர் பரிந்துரை கொடுத்தால், 3 மாதத்துக்குள் நகராட்சி நடவடிக்கையைத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட், அதாவது அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கோரும் மனு. மனுவில் பிரிவு 44, 45 மட்டும் போதாது; அணுகல் தரங்களை வகுக்கச் சொல்லும் 40-ஐயும், சேவைகளைப் பற்றிய 46-ஐயும் சேருங்கள். "பூங்கா திறந்தவெளி, கட்டடம் அல்ல" என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லும். பொழுதுபோக்குச் சேவைகளும் பொதுச் சேவைகள் என்ற வரையறைக்குள் வருகின்றன, பிரிவு 46 அவற்றைப் பிடிக்கிறது.

வழக்கில் தோற்பதைவிட, ஜெயித்த பிறகுதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இதைக் கவனமாகப் படியுங்கள்.

"சாய்தளம் அமைத்துத் தர உத்தரவிட வேண்டும்" என்று பொதுவாகக் கேட்பீர்கள். அமைப்பார்கள். வாசல்படியின் உயரம் 450 மி.மீ. என்று வையுங்கள். 1:12 சரிவு (உயரத்தைப் போல 12 மடங்கு நீளம்) என்றால் சாய்தளத்தின் நீளம் 5.4 மீட்டர் வர வேண்டும். ஒப்பந்ததாரர் படி இருந்த இடத்திலேயே ஒன்றரை மீட்டரில் சிமென்ட்டைச் சரித்துப் பூசிவிட்டுப் போவார். அது ஏறக்குறைய 1:3. தனியாக ஏறினால் நாற்காலி பின்பக்கம் சாயும், இறங்கும்போது ஆள் முன்னால் விழுவார். ஆனால் புகைப்படத்தில் சாய்தளம் தெரியும். அந்தப் படத்தை இணைத்து "கோரிக்கை நிறைவேற்றப்பட்டது" என்று மனுவை முடித்துவிடுவார்கள். பிறகு நீங்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எனவே கேட்பதை அளவோடு கேளுங்கள். சரிவு 1:12-ஐவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. மேலும் கீழும் நாற்காலி திரும்ப 1,500 மி.மீ. சமதளம் வேண்டும்; கதவு அந்தச் சமதளத்தின் மேல் திறந்து இடத்தை அடைக்கக்கூடாது. இரு பக்கமும் கைப்பிடி, சக்கரம் சறுக்காமல் ஓரத் தடுப்பு. வாசலில் தடையில்லாத அகலம் 900 மி.மீ. உள்ளே நடைபாதையில் தளர்ந்த மணலும் ஜல்லியும் கூடாது, ஏனென்றால் முன்பக்கச் சிறு சக்கரம் புதைந்து நின்றுவிடும். வடிகால் மூடியின் கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் அதே சிறு சக்கரம் இடுக்கில் சிக்கும். கழிப்பறை இருந்தால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பூங்கா திறந்திருக்கும் நேரம் முழுதும் பூட்டில்லாமல் இருக்க வேண்டும். டேப் வைத்து அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து, ஒவ்வொன்றையும் அட்டவணையாக மனுவோடு இணையுங்கள்.

கம்பத்தைப் பற்றி நகராட்சிக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். பெரும்பாலான பைக், ஸ்கூட்டரின் அகலம் 700 முதல் 800 மி.மீ. நாற்காலி தாராளமாக நுழையும் 900 மி.மீ. இடைவெளியில் பைக்கும் நுழையும். ஆகவே இடைவெளியை மட்டும் அகலப்படுத்தச் சொன்னால் "நடைப்பயிற்சி செய்வோரின் பாதுகாப்பு" என்று மறுப்பார்கள். நீதிமன்றமும் காது கொடுக்கும். பக்கத்துக் கதவைப் பூங்கா நேரம் முழுதும் திறந்து வைத்து, காவலாளியின் இருக்கையை அதன் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். பைக்கைத் தடுப்பது காவலாளியின் வேலையாகிறது, உங்கள் மகள் யாரிடமும் கேட்காமல் நுழைகிறாள். 'சாவி கேட்டால் தருவோம்' என்ற ஏற்பாட்டுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அவள் அவமானப்பட்டது அந்தச் சாவியைக் கேட்டபோதுதான்.

அடுத்த குழி, உத்தரவின் வாசகம். "மனுதாரரின் மனுவை 12 வாரத்தில் பரிசீலிக்க வேண்டும்" என்று முடிந்தால் நீங்கள் ஜெயித்தது போலத் தோன்றும். பரிசீலித்து, நிராகரித்து, ஒரு கடிதம் அனுப்பினால் அந்த உத்தரவு நிறைவேறிவிட்டது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கும் நிற்காது. 'பரிசீலி' வேண்டாம், 'செய்' என்ற வாசகம் வேண்டும், அட்டவணை உத்தரவின் பகுதியாக வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நல்ல உத்தரவு கிடைத்தாலும் தேதியைக் குறித்து வையுங்கள். அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். "டெண்டர் விட்டாச்சு, அடுத்த மாசம் ஆரம்பிச்சுடும்" என்று பொறியாளர் சொல்வதை நம்பி அந்த ஓராண்டைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. 2024 நவம்பர் 8-ல் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 விதிகளின் விதி 15(1)-ஐ சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. இதைக் காட்டி "தரநிலையே இல்லை, எதை மீறினோம்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். தீர்ப்பைத் தலைகீழாகப் படிப்பது அது. அந்த விதி அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக்கிச் சட்டத்தின் கட்டாயத்தை நீர்க்கச் செய்தது என்பதால்தான் அது தள்ளுபடியானது. 44, 45, 46 பிரிவுகள் அப்படியே நிற்கின்றன.

என் ஆலோசனை: சமரசம் பேசுங்கள். ஆணையரிடம் மனு பதிவானதும் பல நகராட்சிகள் கூட்டு ஆய்வுக்கு வரும். நஷ்டஈட்டையும் காவலாளியையும் விட்டுக்கொடுத்து, பதிலாக வேலையை வாங்குங்கள். கூட்டு ஆய்வுக் குறிப்பில் ஒவ்வொரு அளவும், முடிக்கும் தேதியும், பொறுப்பான பொறியாளரின் கையெழுத்தும் இருக்கட்டும். பூங்காவைப் பராமரிப்பது தனி ஒப்பந்ததாரர் என்றால், கதவைத் திறந்து வைக்கும் நேரம் அவருடைய ஒப்பந்தத்திலேயே ஏற வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஒப்பந்ததாரர் வந்ததும் பூட்டு திரும்பி வரும். வேலை முடிந்து, உங்கள் மகளின் நாற்காலியே ஒருமுறை ஏறி இறங்கிப் பார்த்து, நீங்கள் எழுதிக் கொடுக்கும் வரை மனுவை வாபஸ் வாங்காதீர்கள்.