சிறைக்குள் நின்றுபோன மாத்திரை

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மனச்சிதைவு நோய்க்கு 6 ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டுவந்த என் தம்பி, ஓர் அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆகி 40 நாட்களாகப் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். மனு போட்டுப் பார்க்கப் போனால் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கிறான். மாத்திரை தருவதில்லை என்கிறான். நீதிமன்ற வாசலில் ஒருவர், 30,000 ரூபாய் கொடுத்தால் பைத்தியம் என்று சான்றிதழ் வாங்கி வழக்கையே இல்லாமல் ஆக்கிவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா?

மனநல மருத்துவரின் பதில்:

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. உங்கள் தம்பியைக் கண்ணாலும் பார்க்காத மருத்துவர் எழுதித்தரும் தாளை நீதிமன்றம் அப்படியே ஏற்காது. அரசு மனநல மருத்துவரிடம் அனுப்பித்தான் அறிக்கை கேட்கும். சம்பவம் நடந்தபோது அவருடைய மனநிலை எப்படி இருந்தது என்பது ஒரு கேள்வி. இன்று வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. முதலாவது, விசாரணையில் சாட்சியத்தைக் கொண்டு முடிவாக வேண்டியது. இரண்டாவதால் விசாரணை தள்ளிப்போகுமே தவிர, வழக்கு மறைந்துபோகாது. வாசலில் நிற்கும் அந்த மனிதர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் காசு பார்க்கிறார். அதைவிடப் பெரிய ஆபத்து, பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் அவருடைய 6 ஆண்டு உண்மையான நோயையும் நடிப்பு என்றே சொல்லிவிடுவார்கள்.

இப்போது அவருக்கு உடனடியாக வேண்டியது மருந்து. வீட்டில் உள்ள பழைய ஓ.பி. சீட்டுகள், மாத்திரை அட்டைகள், எங்காவது உள்நோயாளியாக இருந்திருந்தால் அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து நகல் போடுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நாள் ஆகியவற்றை எழுதி, சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவருக்கும் மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். அதே தாள்களை, ரிமாண்ட் செய்த நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் மூலம் தாக்கல் செய்து, மனநல மருத்துவர் பரிசோதித்துச் சிகிச்சையைத் தொடரவும் அறிக்கை அளிக்கவும் உத்தரவிடுமாறு கேளுங்கள். வழக்கறிஞர் இல்லையென்றால் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் பேசலாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் பணம் கேட்பவர் இருந்தால் அவரும் தரகரே. சிறைக் காவலரான வார்டர் மூலம் மாத்திரையை உள்ளே அனுப்பித் தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள். அது தம்பியின் வாய்க்குப் போகும் என்பதற்கு உறுதியில்லை. பிடிபட்டால் பழி உங்கள் மேல்தான் விழும்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதாததால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான மருந்துகளை, நின்றுபோனாலும் மருத்துவர் மறுபடி தொடங்கிவிடுவார். ஆனால் சீட்டில் குளோசபின் என்று இருந்தால் கதையே வேறு. அது 48 மணி நேரத்துக்கு மேல் நின்றுபோயிருந்தால், பழைய முழு அளவை ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது; இரத்த அழுத்தம் திடீரென்று விழலாம், வலிப்பு வரலாம், இதயமும் பாதிக்கப்படலாம். 12.5 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும், இடையிடையே இரத்தத்தில் வெள்ளணுக்களையும் எண்ண வேண்டும். உங்கள் தம்பிக்கு 40 நாள் ஆகிவிட்டது. ஆகவே சாப்பிட்டது குளோசபின்தான் என்றால், பழைய சீட்டைப் பார்த்துவிட்டு அதே அளவை யாராவது அப்படியே எழுதிவிடாமல் இருக்க, 'குளோசபின், 40 நாளாக நின்றுள்ளது' என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்தது. சிறை மருத்துவர்களுக்கு அடிப்படை மனநலச் சிகிச்சையில் பயிற்சி தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சிறையில் மனநோயாளிகள் யாரும் இல்லை என்று 3 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் சான்றளிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் யாரும் எதையும் கேட்கப்போவதில்லை என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை அதே பாளையங்கோட்டையில்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கைதியை அங்கே கொண்டுபோக வழிக்காவலுக்குப் போலீஸ் வந்தாக வேண்டும், பந்தோபஸ்து என்று ஒன்று வந்துவிட்டால் முதலில் ரத்தாவது இந்தப் பயணம்தான். காணொளியில் காவல் நீட்டிப்புக்காகச் சில விநாடிகள் முகம் காட்டும் ஒருவர் தனக்குள் பேசிக்கொண்டிருப்பதை நீதிபதி எப்படிக் கவனிப்பார்? எழுத்தில் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வழக்கை எதிர்கொள்ளும் நிலையில் அவர் இல்லை என்று நீதிமன்றம் முடிவுசெய்தால், ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்று பாராமல் அவரை வெளியே விட, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369ஆம் பிரிவு வழி செய்கிறது. உள்நோயாளிச் சிகிச்சை அவசியமில்லை என்றாக வேண்டும். ஒழுங்காக வெளிநோயாளிச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவேன், அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்று உறவினரோ நண்பரோ ஒருவர் உறுதி தர வேண்டும். அந்த உறுதியை யார் தருவது என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.

அடுத்த முறை மனு போட்டுப் பார்க்கும்போது தூக்கம், சாப்பாடு இரண்டையும் கேளுங்கள். சாவைப் பற்றியோ, யாரோ சாகச் சொல்கிறார்கள் என்றோ ஒரு வார்த்தை வந்தாலும், வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அங்குள்ள அதிகாரியிடம் நேரம் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.