கேள்வி நேரம்

கேள்வி: சுரங்கத்தால் ஆறு கெட்டால் நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். கடன் கொடுத்த வங்கியை ஏன் இழுக்கிறீர்கள்? கத்தி விற்றவன் கொலைகாரனா?

பதில்: கத்தி விற்றவன் காசை வாங்கியதும் விலகிவிடுகிறான். கடன் கொடுத்தவன் பல ஆண்டுகள் கூடவே இருக்கிறான். வங்கியின் கடன் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். தவணை தவணையாகத்தான் பணம் விடுவோம். நிபந்தனை மீறினால் அடுத்த தவணையை நிறுத்தலாம். அடமானச் சொத்தின் மதிப்பை மூன்று முறை சரிபார்த்த நாங்கள், சுற்றுச்சூழல் அறிக்கையைக் கோப்பில் சேர்த்ததோடு சரி. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒடிசாவின் நியமகிரி மலையை நினைத்துப் பாருங்கள். அங்கே சுரங்கம் தோண்ட முயன்ற வேதாந்தா நிறுவனத்தை நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-லேயே தன் முதலீட்டிலிருந்து விலக்கியது. இங்கிலாந்து திருச்சபை 2010-இல் அந்த நிறுவனத்தில் தனக்கிருந்த பங்குகளை விற்றது. 2013-இல் அங்குள்ள மக்களிடம் கருத்துக் கேட்டபோது, 12 கிராம சபைகளும் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டாம் என்றன. முதலீட்டாளர்களுக்குக் கண் இருந்தால் முன்பே தெரியும் என்பதற்கு இது சாட்சி.

பிரேசிலின் புருமாடின்யோவில் 2019 ஜனவரி 25 அன்று சுரங்கக் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஓய்வூதிய நிதிகள் நூற்றுக்கணக்கான நிறுவனங்களிடம் அணை விவரம் கேட்டன. முன்பே கேட்டிருக்கலாமே!

வங்கிகள் தாமாக ஏற்கும் சுற்றுச்சூழல், சமூக விதிகளாக 2003-இல் வந்த எக்குவேட்டர் கோட்பாடுகள் குறிப்பிட்ட திட்டத்துக்கான கடனையே பார்க்கின்றன. நிறுவனத்தின் பொதுச் செலவுக்கான கடனும் கடன் பத்திரமும் அந்த வலையில் சிக்குவதில்லை. சுரங்கப் பணம் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகிறது. உங்கள் சேமிப்பு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று நிதி மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள்.