ஐரிஷ் நாட்டுப்பாடல்: பாட்டுக்கு நடுவே பேச்சு எதற்கு?

அக்கா, அயர்லாந்தின் மேற்கிலுள்ள கன்னமாராப் பகுதிப் பாடகர்களின் பழைய ஒலிப்பதிவுகளில் கடைசி வரியைப் பாடாமல் பேச்சுக்குரலில் சொல்லி முடிக்கிறார்கள். மூச்சு முட்டுகிறதா?

இல்லை தம்பி. பக்கவாத்தியமே இல்லாமல் ஒற்றைக் குரலில் பாடும் ஷான்-நோஸ் மரபில் அது ஒரு முடிப்பு முறை. எல்லாரும் செய்வதில்லை, செய்பவர்கள் தெரிந்தேதான் செய்கிறார்கள். நடுவே கேட்கும் "தியா லத்" போன்ற குரல்கள் கேட்பவர்களுடையவை. கடவுள் துணையிருக்கட்டும் என்று பாடுகிறவரை ஊக்கப்படுத்துகிறார்கள். சில நேரம் ஒருவர் பாடகரின் கையைப் பிடித்துச் சுழற்றிக்கொண்டே கேட்பார்.

கன்னமாராவின் கார்னாவில் 1919இல் பிறந்த பாடகர் ஜோ ஹீனி, பாட்டுக்கு முன் அதன் கதையைச் சொல்வார். யாருக்காக யார் அழுதது என்று அதில்தான் தெரியும். தயவுசெய்து அந்தப் பேச்சை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் சேமிக்காதீர்கள்.

'ஃபின்னகன்ஸ் வேக்' பாட்டில் விஸ்கி தெறித்து எழும் பிணம் என்னதான் கத்துகிறது? சிலர் "தண்டரிங் ஜீசஸ்" என்கிறார்கள், அச்சில் வேறு ஏதோ இருக்கிறது.

பழைய அச்சில் இருப்பது "தானம் ஒன் டவுல்". உன் உயிர் பிசாசுக்குப் போக என்ற ஐரிஷ் வசவு அது. ஐரிஷ் தெரியாத பாடகர்கள் அந்த இடத்தில் தங்களுக்குத் தெரிந்த வசவைப் போட்டுக்கொண்டார்கள். எதைக் குறித்தாலும் யார் பாடியது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

'செவன் ட்ரங்கன் நைட்ஸ்' என்ற பாட்டில் ஐந்து இரவுதானே வருகிறது?

மற்ற இரண்டும் கொச்சையானவை. டப்ளினர்ஸ் இசைக்குழு 1967இல் ஐந்தோடு நிறுத்தியும் ஐரிஷ் வானொலி அதைத் தடை செய்தது. அவர்களுக்கு அந்தப் பாட்டைத் தந்தவரும் ஜோ ஹீனிதான்.

'விஸ்கி இன் த ஜார்' நடப்பது கில்கேரி மலையிலா, கார்க்-கெர்ரி மலைகளிலா?

இரண்டிலும். பாடுகிறவர் ஊரை மாற்றுவார், காதலியின் பெயரையும் மாற்றுவார்.

ஒன்றுதானே அசலாக இருக்க முடியும்?

வாய்வழி வந்த பாட்டுக்கு அப்படி ஒரே அசலைத் தேடாதீர்கள். ஒருவர் பாடியதை வைத்து இன்னொருவரைத் திருத்தவும் வேண்டாம்.

தின் லிசி ராக் குழு பாடியது தப்பான வரிகள்தானே?

மேலே உள்ள பதில்தான்.

"மூஷா ரிங் டும" என்றால் என்ன?

"மூஷா" வியப்புச் சொல். மீதி தாளத்துக்கான ஒலிகள்.

ஏட்டில் எழுதியது நாட்டுப்பாடலே ஆகாது. தெருப்பாடகி மார்கரெட் பாரி பாடிய 'ஷி மூவ்ட் த்ரூ த ஃபேர்'தான் கலப்படமில்லாத மரபு. அதிலாவது அசலை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள மாட்டேன். டொனகாலில் சேகரித்த மெட்டுக்கு கவிஞர் பாட்ரிக் கோலம் வரிகளை எழுதி, 1909இல் அச்சில் வந்த பாட்டு அது. பாரி அதைக் கற்றது ஜான் மெக்கார்மக்கின் இசைத்தட்டிலிருந்து. ஏட்டிலிருந்து தட்டுக்கும், தட்டிலிருந்து தெருவுக்கும் போயிருக்கிறது. அவர் பாஞ்சோவோடு தொண்டை திறந்து பாடும்போது அது முழுக்க அவருடைய பாட்டு. கடைசிக் கண்ணியில் கனவில் வருகிறவளை ஒருவர் "இளங்காதலி" என்பார், இன்னொருவர் "இறந்த காதலி" என்பார். அந்த ஒரு சொல்லில் கல்யாணப் பாட்டு பேய்ப் பாட்டாகிவிடுகிறது. அசல் எது என்று மல்லுக்கட்டும் நேரத்தில் இரண்டையும் கேளுங்களேன்.

'டேனி பாய்' பற்றி?

வெதர்லி என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் எழுதியது, 1913இல் வெளிவந்தது. அது தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம்.

கில்கேரி எங்கே இருக்கிறது?

மலை பற்றிய கேள்விகள் போதும். டப்ளினில் உள்ள ஐரிஷ் மரபிசைக் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவுகள் இலவசமாகவே இருக்கின்றன. ஒரே பாட்டை வேறு வேறு குரல்களில் கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.