வீட்டுக்குள் ஒரு சிறு சரக்கு லிஃப்ட்: கேள்வி பதில்

அண்ணா நகரிலிருந்து: கீழ்த்தளச் சமையலறையிலிருந்து இரண்டாம் மாடிக்குச் சாப்பாடு ஏற்ற டம்ப்வெயிட்டர் என்னும் சிறு சரக்கு லிஃப்டைப் பொருத்த எண்ணுகிறோம். எத்தனை கிலோ தாங்குவதாக வாங்க வேண்டும்?

பதில்: பாத்திரங்களுக்கு 50 கிலோ போதும், 25 கிலோ அரிசி மூட்டையும் தண்ணீர்க் கேனும் சேர்ந்து ஏறும் என்றால் 100 கிலோவாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியத் தரநிலை டம்ப்வெயிட்டருக்கு 1 சதுர மீட்டர் தரைப்பரப்பு, 1.2 மீட்டர் உயரம், 250 கிலோ என வரம்பு வைத்திருக்கிறது. ஆள் ஏறவே கூடாது என்கிறது. கேஸ் சிலிண்டரையும் ஏற்றாதீர்கள். கசிந்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு, கூண்டு ஏறி இறங்கும் ஷாஃப்டின் அடியில் போய்த் தேங்கும்.

மயிலாப்பூரிலிருந்து: எங்களுடையது மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு. தளத்தை உடைத்து வழி எடுக்கலாமா?

பதில்: நான் தயங்குவது இங்கேதான். மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்த தளம் அது. ஓரிடத்தில் உடைத்தால் பக்கத்துக் கற்களும் தளர்ந்துவிடும், ஒரு கட்டையை அறுத்தால் அதன் சுமையை ஏற்க வேறொன்று இருக்காது. முற்றம் இருந்தால் அதன் சுவரை ஒட்டி இரும்புச் சட்டத்தில் ஷாஃப்ட் எழுப்பி, மழை புகாமல் மூடிவிடுவது மேல். கான்கிரீட் தளமானால் வெட்டலாம். ஆனால் உத்தரத்தைத் தொடாமல், வெட்டிய ஓரங்களுக்குத் தாங்கு கொடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் வரைந்து தந்தபடி மட்டுமே. குறுக்கே நின்றது என்று ஒரு துணை உத்தரத்தையே அறுத்துவிட்ட வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முட்டுக் கொடுத்த செலவு லிஃப்டின் விலையைத் தாண்டியது.

வேளச்சேரியிலிருந்து: 2015 டிசம்பரில் கீழ்த்தளத்தில் தண்ணீர் நின்ற வீடு. லிஃப்டுக்கு அடியில் பள்ளம் தோண்டச் சொல்கிறார்களே?

பதில்: வேண்டாம். சமையல் மேடை உயரத்தில், தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டரில், ஜன்னல்போலத் திறக்கும் வகைக்குப் பள்ளமே தேவையில்லை. குனியாமல் பாத்திரத்தை வைக்கவும் எடுக்கவும் முடியும். மோட்டாரையும் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மேல்தளத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பெசன்ட் நகரிலிருந்து: மின்சாரம் போனால் இன்வெர்ட்டரில் ஓடுமா?

பதில்: 100 கிலோவை விநாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் தூக்கச் சுமார் 300 வாட் ஆகும். உராய்வையும் சேர்த்தாலும் 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தாராளம். ஆனால் கிளம்பும் கணத்தில் மோட்டார் அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், மின்விசிறிக்காக வாங்கிய இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம். கடற்காற்று வீசும் இடமாதலால் 304க்குப் பதில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகைக் கேளுங்கள்.

பெரம்பூரிலிருந்து: ஐந்து வயதுப் பேரன் இருக்கிறான். பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது, அந்தக் கூண்டு அவன் அளவுக்குத்தான் இருக்கும். ஒவ்வொரு தளத்துக் கதவிலும் இன்டர்லாக் கட்டாயம் வேண்டும்: கூண்டு வந்து நிற்காத தளத்தில் கதவு திறக்கக் கூடாது, எந்தக் கதவு திறந்திருந்தாலும் கூண்டு நகரக் கூடாது. பணத்தைக் கொடுத்து முடிக்குமுன் இரண்டையும் நீங்களே உங்கள் கையால் சோதியுங்கள். சாவியில்லாமல் இயங்காத சுவிட்ச் வைத்து, சாவியை உயரத்தில் மாட்டுங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து: மோட்டார் இல்லாமல் முடியாதா?

பதில்: முடியும். மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் காய்கறி வாங்கிய பாட்டிகளின் வேலைதான் இது. ஒரு மாடிக்கு, சுமார் 20 கிலோவுக்குள் என்றால், எதிர்எடை வைத்த கப்பியும் கயிறும் போதும். கையை விட்டாலும் கூண்டு நழுவாதபடி பிடித்துக்கொள்ளும் பிரேக் மட்டும் அதில் இருக்க வேண்டும்.