வியன்னாவின் பழைய பியானோ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொசார்ட் பற்றிய கட்டுரையில், அவர் காலத்து வியன்னா பியானோவில் வாசித்த பதிவுகளையும் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். கேட்டேன். ஏமாற்றம்தான். ஒலி மெலிந்து, தகரத்தைத் தட்டியதுபோல இருக்கிறது. ஒரு சுரம் எழுந்த கையோடு அடங்கிவிடுகிறது. இன்றைய பியானோவின் கார்வை எங்கே, இது எங்கே? மேலான கருவி கைக்கு வந்த பிறகு பழையதை ஏன் தேடிப் போகவேண்டும்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

சுரம் சட்டென்று அடங்குகிறது என்பதை நீங்கள் சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் குறை என்று சொல்வதைத்தான் நான் இக்கருவியின் உயிர் என்பேன். மொசார்ட் எழுதியது அந்த அடங்கலை நம்பித்தான்.

உள்ளே பார்த்தால் காரணம் புரியும். இன்றைய பியானோவில் கனத்த ஃபெல்ட் என்னும் கம்பளித் துணி சுற்றிய சுத்தியல், விரல் அழுத்தும் கட்டையோடு ஒட்டாமல் தனியே நிற்கும். வியன்னா முறையில் சுத்தியல் கட்டையின் பின்முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. தலை மிகச் சிறியது, மேலே மெல்லிய தோல். விரல் அழுத்தினால் கட்டையின் பின்முனை எழும்; சுத்தியலின் வால் பின்னாலிருக்கும் ஒரு மரநாக்கில் மாட்டும்; தலை மேலே எகிறிக் கம்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பும். கட்டை கீழிறங்கும் ஆழம் இன்றைய பியானோவில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே விரல் நினைத்தது அப்படியே கம்பிக்குப் போகிறது. மொசார்ட் இரண்டிரண்டு சுரங்களாக வளைவுக்கோடு போட்டு இணைப்பாரே, முதல் சுரம் அழுத்தமாகவும் அடுத்தது தணிந்தும் விழவேண்டும். இன்றைய பியானோவில் அதற்குத் தனியே மெனக்கெட வேண்டும். இதில் அது தானாக வருகிறது.

அவரிடம் இருந்தது ஆன்டன் வால்டர் செய்த பியானோ. இன்றும் சால்ஸ்பர்க்கில் இருக்கிறது. 61 கட்டைகள், ஐந்து ஆக்டேவ்கள், அதாவது ஐந்து ஸ்தாயிகள். வார்ப்பிரும்புச் சட்டம் கிடையாது, கம்பிகளின் இழுவிசையைத் தாங்குவது பெரும்பாலும் மரம்தான். 1785-இல் வியன்னாவுக்கு வந்த தந்தை லியோபோல்ட், தான் வந்த பிறகு மட்டும் மகனின் பியானோவைக் குறைந்தது ஒரு டஜன் தடவையாவது அரங்குக்கோ வேறு வீடுகளுக்கோ தூக்கிப் போயிருப்பார்கள் என்று மகளுக்கு எழுதுகிறார். அரை டன்னை நெருங்கும் இன்றைய கச்சேரி பியானோவை அப்படித் தூக்க முடியுமா?

செய்நேர்த்தியைப் பற்றிச் சொல்ல ஒருவர் போதும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் பியானோ செய்த யோஹான் ஆண்ட்ரியாஸ் ஸ்டைன், கம்பிகளின் அதிர்வைப் பெருக்கும் மரப்பலகையான ஒலிப்பலகையைச் செய்து முடித்ததும் மழையிலும் பனியிலும் வெயிலிலும் போட்டுவைப்பாராம். விரிசல் விட்டால் அதில் மரத்துண்டைச் செருகிப் பசை வைப்பார். இனி விரியாது என்று தெரிந்த பிறகே அது பியானோவுக்குள் போகும். 1777-இல் 21 வயது மொசார்ட் இதை வியந்து தந்தைக்கு எழுதினார். ஸ்டைனின் மகள் நனெட் ஸ்ட்ரைஹர் 1794-இல் அந்தத் தொழிலை வியன்னாவுக்கே கொண்டுவந்தார். பீத்தோவனுக்கு நெருங்கிய தோழியாகவும் இருந்தார். கருவி செய்பவர்களின் வரலாற்றில் இப்பெண்மணிக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டா உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1801-இல் எழுதியது. அதன் முதல் பகுதி முழுவதையும், கம்பிகளை அடக்கும் டாம்பர்களைத் தூக்கியபடியே வாசிக்கச் சொல்கிறார். இன்றைய பியானோவில் அதை அப்படியே செய்தால் சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். அதனால் பலரும் டாம்பர்களைத் தூக்கும் பெடலை இடையிடையே விட்டு, மறுபடி மிதிக்கிறார்கள். பழைய பியானோவில் முந்தைய ஒலி தேய்ந்துகொண்டே வர, புதியது அதன் மேல் தெளிவாக எழும். கார்வை நீளாததால்தான் அந்தக் குறிப்புக்குப் பொருள் இருக்கிறது.

பிற்காலத்து ரஷ்ய இசையமைப்பாளர் ராஹ்மனினாவை இதில் வாசிக்கச் சொல்லமாட்டேன். அந்த இசைக்கு அந்த இரும்பு வேண்டும்.

வேகமான பகுதிகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். மொசார்ட்டின் டி மைனர் ஃபேன்டசியை (அவர் படைப்புப் பட்டியலில் கே. 397) இரண்டு கருவிகளிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இடையிடையே வரும் மௌனங்களையும், இடதுகையின் கீழ்ச்சுரங்கள் எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்பதையும் கவனியுங்கள். அதன் பிறகும் தகரம்தான் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.