மருத்துவர் பதில்: சொந்த மகன் மேல் ஏன் இந்த அருவருப்பு?

கேள்வி: என் வயது 49. ஒரே மகன், வயது 17. இரண்டு மாதத்துக்கு முன்பு, தான் ஓரினச்சேர்க்கையாளன் என்று எங்களிடம் சொன்னான். அன்றிலிருந்து நான் அவனிடம் பேசவில்லை. எதிரே வந்தாலே குமட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. தூக்கம் போய்விட்டது. மனைவிக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையைப் பத்து நாளாகப் பாதி பாதியாகப் போட்டுக்கொள்கிறேன். 'உங்களுக்கு ஹோமோபோபியா, அது மனநோய்' என்கிறாள் மனைவி. இப்படி வெறுப்பவர்களே உள்ளுக்குள் அப்படிப்பட்டவர்கள்தான் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். பிள்ளையை மாற்றச் சிகிச்சை இருக்கிறது என்கிறார் இன்னொருவர். நான் கண்டிப்பாக வளர்க்காததுதான் காரணமா? எனக்கு என்ன மாத்திரை? மகன் ஆரம்பத்தில் அழுதுகொண்டே இருந்தான். போன வாரம் தன் கிட்டாரை நண்பனுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது அமைதியாக இருக்கிறான். அது ஒன்றுதான் ஆறுதல்.

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் கடைசி வரி ஆறுதல் தருவதல்ல. கடிதம் முழுவதிலும் என்னைப் பயமுறுத்தியது அதுதான். பதில் வெளியாகும் வரை காத்திருக்க முடியாது என்பதால், கடிதத்தைப் படித்த அன்றே உங்களைத் தொடர்புகொள்ளச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற வீடுகளுக்கும் சேர்த்து.

அழுதுகொண்டே இருந்த பிள்ளை, வீட்டில் எதுவும் மாறாதபோது திடீரென்று அமைதியாகிறான். தனக்குப் பிரியமான பொருளை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறான். மனநல மருத்துவத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நாங்கள் உட்கார்ந்திருக்க மாட்டோம். உயிரை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்களிடம் இந்த அமைதி வருவதுண்டு. எல்லா அமைதியும் அதுதான் என்று சொல்லவில்லை. அதுவாக இருக்கலாம் என்பதே இன்று செயல்படப் போதுமான காரணம்.

ஆகவே இன்றே கேளுங்கள். சுற்றி வளைக்காமல், 'செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணுதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பல பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 'ஆமாம்' என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடமோ அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். 'இல்லை' என்று சொன்னாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவர் அவனைப் பார்த்தாக வேண்டும். அவனை மாற்றுவதற்காக அல்ல, அவன் மனச்சோர்வில் இருக்கிறானா என்று பார்ப்பதற்காக. கிட்டாரை வாங்கிக்கொண்ட நண்பனையும் அழையுங்கள். கொடுக்கும்போது மகன் என்ன சொன்னான் என்று விசாரியுங்கள்.

இன்னொன்று. பாதி பாதியாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அட்டையை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மேசை மேலா? வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், பூச்சிமருந்து இருந்தால் அதையும், இப்போதே பூட்டி வையுங்கள். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் விழுங்குவதே தவறு. இந்த நிலையில் இருக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்த அட்டை திறந்து கிடப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு, தன்பாலீர்ப்புள்ள, அதாவது தன் பாலினத்தவர் மேல் ஈர்ப்பு கொண்ட, 21 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களைப் பற்றியது. வளரும் வயதில் குடும்பம் கடுமையாக ஒதுக்கியவர்களிடையே தற்கொலை முயற்சி, ஒதுக்கல் அவ்வளவாக இல்லாதவர்களைவிட 8 மடங்குக்கும் மேல் இருந்தது. வீட்டில் பேச்சை நிறுத்துவதும் ஒதுக்குவதுதான்.

இனி உங்களைப் பற்றி. 'பெற்ற பிள்ளையை நான் வெறுக்கத் தொடங்கிவிட்டேனா?' என்பதுதான் உங்கள் பயம் என்று எனக்குப் படுகிறது. வெறுப்பவர் இரண்டு மாதம் தூங்காமல் தவிக்க மாட்டார். உங்களுக்குள் இருப்பது வெகுகாலம் முன்பே கற்றுக்கொடுக்கப்பட்ட ஓர் அருவருப்பு. அது இப்போது உங்கள் மகன் மேல் வந்து விழுந்திருக்கிறது.

உங்கள் மனைவி சொன்ன 'ஹோமோபோபியா' என்ற சொல்லை அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் வைன்பர்க் 1972-ல் எழுதிய நூல்தான் பரவலாக்கியது. ஆனால் மருத்துவ நோய்ப்பட்டியல்களில் அப்படியொரு நோய் கிடையாது. போபியா என்றால் மிகைப்பட்ட பயம். சிலந்திக்குப் பயப்படுபவர் விலகி ஓடுவார், தன் பயம் அர்த்தமற்றது என்றும் அவருக்குத் தெரியும். ஒருசாராரைத் தாழ்வாக நினைப்பவர் தான் நினைப்பதே சரி என்று நம்புவார். அதன் பெயர் தப்பெண்ணம். அதற்கு மாத்திரை இல்லை.

ஆனால் அது உடம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் உங்களுக்குக் குமட்டுகிறது. அருவருப்பு என்பது கெட்டுப்போன உணவிலிருந்தும் தொற்றிலிருந்தும் நம்மைக் காக்க உருவான உணர்ச்சி. சிறு வயதில் பெரியவர்கள் எதைப் பார்த்து முகம் சுளித்தார்களோ அதைப் பார்த்து நாமும் சுளிக்கப் பழகிவிடுகிறோம். அது உணவோடு நிற்பதில்லை, மனிதர்கள் மேலும் ஒட்டிக்கொள்ளும். வயிறு புரளும்போது, 'என் உடம்பே சொல்கிறதே, இது தப்பாகத்தான் இருக்க வேண்டும்' என்று தோன்றிவிடும். மருத்துவப் படிப்பின் முதல் வாரத்தில், உடற்கூறு அறையில் பிணத்தின் அருகே நிற்க முடியாமல் வெளியே ஓடி வந்தவன் நான். இரண்டு மாதத்தில் அந்தக் குமட்டல் போன இடம் தெரியவில்லை. அறை மாறவில்லை. நான் பழகிவிட்டேன்.

நீங்கள் எழுதியிருக்கும் சொல்லையே பாருங்கள். 'ஓரினச்சேர்க்கை.' அதிலேயே சேர்க்கை இருக்கிறது. ஒருவர் தன் மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் நம் மனம் படுக்கையறைக்குப் போவதில்லை. மகனுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றால் மட்டும் நேராக அங்கேதான் போகிறது. இந்தச் சொல் அந்த வழியை இன்னும் சுலபமாக்குகிறது. உங்கள் மகன் சொன்னது யார் மேல் மனம் போகிறது என்பதை. நீங்கள் கேட்டது ஒரு செயலை. குமட்டலில் பெரும்பகுதி அந்தக் கற்பனைக்குத்தான். தன்பாலீர்ப்பு என்ற சொல்லை நான் வலியுறுத்துவது மரியாதைக்காக மட்டுமல்ல, அது உண்மைக்கு அருகில் இருப்பதாலும்தான்.

ஆண்களுக்கு இன்னொரு பாடமும் சிறு வயதிலேயே நடந்துவிடுகிறது. பள்ளியில் மென்மையாகப் பேசும் பையனை எல்லோரும் சேர்ந்து கேலி செய்வார்கள். கேலியில் சேராதவனும் சந்தேகத்துக்கு ஆளாவான். தான் ஆண்பிள்ளை என்று நிரூபிக்க அந்தச் சிரிப்பில் சேர்ந்தே ஆக வேண்டும். அப்படி வளர்ந்த தகப்பனுக்கு, தன் மகனே அந்தப் பையன் என்று தெரியும்போது, அன்று தான் சிரித்த சிரிப்பெல்லாம் திரும்பித் தன்னைப் பார்ப்பது போலிருக்கும். நம்மை என்ன சொல்வார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். பெண்களைவிட ஆண்களிடம், அதிலும் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் மீது, இந்த எதிர்ப்பு கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் தொடர்ந்து காட்டுவதில் எனக்கு வியப்பில்லை. மதநம்பிக்கையையும் காரணமாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அதே நம்பிக்கையோடு பிள்ளையை அணைத்துக்கொண்ட பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன்.

இது அவனாகத் தேர்ந்தெடுத்தது என்று நினைப்பவர்களிடம் கோபம் அதிகமாக இருக்கும், அப்படி நினைக்காதவர்களிடம் குறைவாக இருக்கும். நீங்கள் எந்த வயதில் உட்கார்ந்து யோசித்து, பெண்களை விரும்புவது என்று முடிவெடுத்தீர்கள்? அவனும் அப்படித்தான், முடிவு எதையும் எடுக்கவில்லை. வளர்ப்பு காரணமா என்று கேட்டீர்கள். இல்லை. கண்டிப்பு கூடியதாலோ குறைந்ததாலோ ஈர்ப்பின் திசை மாறுவதற்கு ஆதாரம் கிடையாது. அந்தச் சுமையை இத்தோடு இறக்கி வையுங்கள்.

'வெறுப்பவர்கள் எல்லாம் உள்ளுக்குள் அப்படித்தான்' என்ற யூடியூப் கதைக்கும் ஒரு மூலம் இருக்கிறது. 1996-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஆடம்ஸ் குழு 64 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. வெறுப்பு மிகுந்தவர்களில் சிலருக்கு ஆணும் ஆணும் உடலுறவு கொள்ளும் காட்சிகளைப் பார்த்தபோது உடல் கிளர்ச்சி பதிவானது. பதற்றமும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அதே முடிவு சீராக வரவில்லை. 64 பேரை வைத்து உலகத்தில் உள்ள வெறுப்புக்கெல்லாம் காரணம் கற்பிக்கிறார்கள். இந்தக் கதையில் எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. வெறுப்பவனும் தன்பாலீர்ப்பாளர்களில் ஒருவன்தான் என்றால், பழி மறுபடியும் அவர்கள் தலையில்தானே விழுகிறது? உங்கள் குமட்டலுக்கு இந்த விளக்கம் தேவையே இல்லை.

மாற்றும் சிகிச்சை வேண்டவே வேண்டாம். இதை நான் கோபமாகவே சொல்கிறேன். 1957-ல் உளவியலாளர் எவலின் ஹூக்கர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் மற்ற 30 ஆண்களுக்கும் உளவியல் சோதனைகள் வைத்தார். யார் எந்த வகை என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தபோது அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலில் இருந்து நீக்கியது, உலக சுகாதார நிறுவனம் 1990-ல் நீக்கியது. 1973 மாற்றத்தில் முன்னின்ற மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சரே பின்னாளில், 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலரால் மாற முடிகிறது என்று 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 2012-ல் அது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கட்டுரையைக் காட்டி விளம்பரம் செய்பவர்கள் மன்னிப்பைச் சொல்வதில்லை. இந்தச் 'சிகிச்சை'யால் ஈர்ப்பு மாறுவதில்லை, பிள்ளைகள் உடைந்து வருகிறார்கள்.

நான் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் இது நோய் என்றே இருந்தது. 'வயதானால் சரியாகிவிடும்' என்று ஒரு தந்தையிடம் நானும் சொல்லியனுப்பியிருக்கிறேன். அந்தப் பையனை மறுபடி நான் பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. என்னை மாற்றியது புத்தகம் மட்டுமல்ல. அதன்பின் என் முன்னால் வந்து உட்கார்ந்து பேசியவர்கள்.

இது என் அனுபவம் மட்டுமல்ல. பழகப் பழகத் தப்பெண்ணம் குறையும் என்று உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-ல் எழுதினார். 2006-ல் உளவியலாளர்கள் பெட்டிகுரூவும் டிராப்பும் 500-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் விஷயத்தில் அந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மற்றவர்கள் இனிமேல்தான் யாரையாவது பழகிக்கொள்ள வேண்டும். நீங்கள் 17 வருடமாகப் பழகியிருக்கிறீர்கள். காய்ச்சலில் தூக்கிச் சுமந்த பிள்ளைதான் அவன். இரண்டு மாதத்துக்கு முன்பு அவனைப் பற்றி உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது, அவ்வளவுதான்.

குமட்டல் உடனே போகாது. அது போகும் வரை பேசாமல் இருக்கலாம் என்றால் போகவே போகாது. விலகி நிற்கும் ஒவ்வொரு நாளும் அருவருப்பு வளரும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எல்லாம் புரிந்துவிட்டது போல் நடிக்க வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். 'அப்பாவுக்கு இன்னும் புரியலடா. ஆனா நீ எனக்கு வேணும். பேசாம இருந்தது என் தப்பு' என்று சொன்னால் போதும்.

படபடப்பும் வியர்வையும் பதற்றத்தால் வருபவை என்றே தோன்றுகிறது. 49 வயது என்பதால் ஒரு ஈசிஜி, ரத்த அழுத்தம், தைராய்டு மட்டும் பார்த்துவிடலாம். கூகுளில் தேட வேண்டாம். மாத்திரையை நிறுத்துவது பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் மகனைப் பார்க்கும் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மகனை அழைத்துப் போகும் நாளிலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். முதல் டோக்கனை அவன் பெயரில் போடுங்கள்.